ஸ்லோ என்றால் மெதுவா?

காலையில் நம்மோடு நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் காதில் மெஷின் மாட்டிவிட்டீர்கள். மீதிப் பேர் மாட்ட வேண்டியவர்கள், வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்து நம்மில் ஒருவர் மருமகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். “ஃபாஸ்ட்டா பேசறியேம்மா, கொஞ்சம் மெதுவா பேசுன்னு சொன்னேன். மறுநாள்லேர்ந்து வெறும் காத்துதான் வருது, சத்தத்தையே காணோம்” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது என் கை இரண்டும் சில்லிட்டிருந்தன. பக்கத்திலிருந்த அக்கா, சுகர் இறங்கிவிட்டதென்று நினைத்து ஒரு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். சுகர் எல்லாம் இல்லை. அந்த ஒரு சொல்தான்.

நீங்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கும் இந்தக் காது கேளாத ஊருக்கு நான் ஏழு வயதிலேயே குடிவந்துவிட்டேன். அதனால் இந்த விஷயத்தில் நான்தான் சீனியர். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மெதுவா என்று சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? ஆட்டோக்காரரிடம் “மெதுவா போங்க” என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறோம். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் “மெதுவா பேசு” என்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறோம். “மெதுவா இறக்கி வை” என்றால் உடைந்துவிடாமல். “அப்பாகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்” என்றால் இப்போது வேண்டாம், பிறகு, அவர் மனம் நோகாமல். வடைக்கு முன்னால் மெது வந்தால் அது வேகமே இல்லை, பஞ்சு போல இருக்கிறது என்று பொருள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் பார்க்கிறோம். யாரும் குழம்புவதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என் வீட்டில் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்தில் என்னைப் பெட்டியோடு ரயிலில் ஏற்றி அனுப்ப இருந்தார்கள்.

அப்போது நாங்கள் பல்லாவரத்தில் வாடகைக்கு இருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. காற்று அந்தப் பக்கம் திரும்பினால் தோல் பதனிடும் இடத்து நாற்றம் வரும். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு மல்லித்தழையை முகர்ந்துகொண்டே சமைப்பாள். அப்பாவுக்குப் பட்டணத்தில் ஆபீஸ். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார். அம்மா அதிர்ந்து பேசாதவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் வாய்விட்டு ஜெபிக்கும்போதுகூட அவளுடைய ஜெபம் உதட்டைத் தாண்டி வராது. நான் ஒரே பிள்ளை.

அந்த வருஷம் எனக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சல் இறங்கி, பிறகு இரண்டு காதிலும் சீழ் வந்தது. அம்மா பஞ்சுத் திரியால் துடைத்தாள். சில வாரங்களில் சீழ் நின்றுவிட்டது. சுகமாகிவிட்டது என்று கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். சீழோடு சேர்ந்து என் காதும் போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஏழு வயதில் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு என்மேல் ஏதோ கோபம், அதனால்தான் முன்போல வாயைத் திறந்து பேசுவதில்லை என்று நினைத்தேன். அடியோடு செவிடு இல்லை. கத்தினால் கேட்கும். கத்துகிறவர்கள்தான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் உயரம், அதனால் கடைசி பெஞ்ச். மிஸ் டிக்டேஷன் சொல்வார். உதடு அசைவது தெரியும். பக்கத்துப் பெண் எழுதுவதைப் பார்த்து எழுதுவேன். அவள் கையால் மறைத்துக்கொண்டால் கோடு கோடாகக் கிறுக்கி வைப்பேன். ஒருநாள் மிஸ் அம்மாவை வரச் சொன்னார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மைதானத்தில் டிரில் நடந்துகொண்டிருந்ததால் மிஸ் குரலை உயர்த்தித்தான் பேசினார். அதனால் எனக்கும் கேட்டது.

“பொண்ணு ரொம்ப ஸ்லோவா இருக்காம்மா. எதைச் சொன்னாலும் ஏறமாட்டேங்குது. நீங்க வீட்ல கவனிக்கணும்.”

ஸ்லோ என்ற சொல் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு டைம்பீஸ் இருந்தது. பச்சை நிறம், மேலே இரண்டு மணி, சாவி கொடுத்தால் ஓடும். சில மாதம் முன்பு அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு “ஸ்லோ ஆயிடுச்சு, அனுப்பிட வேண்டியதுதான்” என்று தாம்பரத்தில் ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் இதோ அதோ என்று இழுத்தடித்தார். பிறகு கடையையே காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார். டைம்பீஸ் திரும்பி வரவே இல்லை. அப்பா இரண்டு நாள் திட்டினார், பிறகு புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்.

அதனால் மிஸ் சொன்ன சொல்லுக்கு என் அகராதியில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. ஸ்லோ ஆனதை அனுப்பிவிடுவார்கள். அனுப்பியது திரும்பி வராது. அதன் இடத்தில் புதிதாக ஒன்று வந்துவிடும். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவின் கையை விடவில்லை. வியர்த்து வழுக்கியது, மறுபடி பிடித்துக்கொண்டேன்.

புது டைம்பீஸும் எனக்கு எதிராகத்தான் வேலை செய்தது. அதை எடுத்து நெற்றியில் ஒட்டிவைத்தால் தலைக்குள்ளே டிக் டிக்கென்று கேட்கும். எலும்பு வழியாகக் கேட்பது அது என்று இன்று நமக்குத் தெரியும். அன்று எனக்கு அது ஒரு துணை. பயம் வரும்போதெல்லாம் டைம்பீஸை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் வருகிறது. அம்மா தூணோரம் நின்று பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அத்தை வந்தது அதற்குப் பிறகு. அப்பாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். லீவு போட்டு எங்கள் வீட்டில் தங்க வந்தவள், என்னை இரண்டு நாள் கவனித்தாள். எங்கள் வீட்டில் படித்தவள் என்றால் அத்தைதான். அவள் வாயைத் திறந்தால் அப்பாகூட மறுபேச்சுப் பேசமாட்டார். மூன்றாவது நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தீர்ப்பு வந்தது. அந்தப் பேச்சைப் பிற்காலத்தில் அம்மா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

“என்ன மைனி இது, எல்லாரும் இந்தப் பாய்ச்சல் பாய்ஞ்சு பேசுனா பிள்ளைக்கு என்ன வெளங்கும்? இந்த மாதிரி பிள்ளைங்ககிட்ட பைய பேசணும். பைய, பைய.”

திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும், பைய என்றால் நிதானமாக. பதறாமல். ஆனால் பூனை போலச் சத்தமில்லாமல் நடப்பதும் பையத்தான். அம்மா மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாளாம்: “இனிமே பாப்பாகிட்ட மெதுவா பேசணுமாம்.”

மிஸ் ஸ்லோ என்றார். அத்தை பைய என்றாள். அம்மா மெதுவா என்றாள். மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் அது என்னிடம் வந்து சேர்ந்தபோது சத்தம் போய்விட்டிருந்தது. வீட்டிலிருந்த மூன்று பேரும் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். அத்தையேகூட! மென்மையாகப் பேச வேண்டும் என்று நினைத்தாலே நமக்கெல்லாம் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

அன்றிலிருந்து என் வீடு ஊமையானது. அதுவரை அரைகுறையாகக் கேட்டதும் நின்றது. முகங்கள் என் அருகே வந்தன, புன்னகை செய்தன, உதடுகள் கொஞ்சமாக அசைந்தன, போய்விட்டன. அம்மா என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசினாள். அப்பா என் தலையைத் தடவினார். எல்லாரும் என்மேல் இவ்வளவு அன்பாக இருந்ததே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் பெரியவர்கள் எப்போது அப்படிப் பேசுவார்கள் என்று நான் பார்த்திருந்தேன். பின்வீட்டு மாமா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அந்த வீட்டுக்குள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். அப்படித்தான் குனிந்தார்கள், அப்படித்தான் தொட்டார்கள். மாமா எழுந்திருக்கவே இல்லை.

மிச்சம் இருந்த ஒரே குரல் மீன்காரம்மாவுடையது. கடற்கரைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் கூடையோடு வருவாள். தெருமுனையில் அவள் குரல் கொடுத்தால் எனக்கு நன்றாகக் கேட்கும். எனக்கு முழுதாகக் கேட்ட மனிதப் பேச்சு அது ஒன்றுதான் என்பதால் அவள்மேல் எனக்கு உயிர். வாசலுக்கு ஓடிப் போய் நிற்பேன். “இன்னா பாப்பா, நல்லாகீறியா? சங்கரா கீது, நெத்திலி கீது, இன்னா வோணும் சொல்லு!” என்பாள். நான் உடனே “நெத்திலி” என்பேன். அவள் கேட்பாள், நான் சொல்வேன். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அப்போது கிடையாது.

அந்த வாரம் அவள் வந்தபோது அம்மா எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டாள். மீன்காரம்மாவின் அருகே குனிந்து ஏதோ சொன்னாள். மீன்காரம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஐயே! இன்னாம்மா ஆச்சு கொயந்திக்கு? சீக்கா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா மறுபடி ஏதோ சொன்னாள். பிறகு மீன்காரம்மா என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அசைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இவளும் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

அவளிடம் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? “பாப்பாகிட்ட மெதுவா பேசுங்கம்மா, எங்க நாத்தனார் டீச்சர், அவங்க சொல்லியிருக்காங்க.” அவ்வளவுதான். அவளும் பாவம், பிள்ளைக்கு நல்லது என்றதும் சொன்னபடி கேட்டாள்.

செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்திருந்தவளுக்கு, அது இல்லை, வேறு என்று தெரிய வைத்தது ஏரோப்ளேன். பல்லாவரத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ப்ளேன் தலைக்குமேல் போகும்போது தட்டில் டம்ளர் ஆடும். பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரத்துக்குக் கத்துவார்கள். எனக்கு அந்த இரைச்சல் எங்கோ மாவு மில் ஓடுவது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கத்தல் தெளிவாகக் கேட்டது. எங்கள் வீட்டு ரகசியங்கள் எல்லாம் எனக்கு ப்ளேன் போகும்போதுதான் தெரிந்தன.

அன்று கூடத்தில் அப்பாவும் அத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து அவர்களுடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ளேன் வந்தது.

“வெக்கப்படுததுக்கு என்ன இருக்கு அண்ணே? எங்க ஊருப் பக்கம் ஹோம் இருக்கு! இவளை மாதிரி ஸ்லோ பிள்ளைங்கதான் எல்லாம்! பாய் முடைய, மெழுகுவத்தி செய்யப் படிச்சுக் குடுக்காங்க! அங்கனயே இருந்துக்கிடலாம்!”

“அனுப்பிடச் சொல்றியா?”

“அனுப்பித்தான் பாப்போமே!”

ப்ளேன் போய்விட்டது. உதடுகள் மறுபடி அசைந்தன, சத்தம் இல்லை. அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துப் பயந்த பயம் இன்றும் என் உடம்பில் இருக்கிறது. பொய் சொல்லவில்லை. இன்றும் என் எதிரில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் என்னை எங்கேயோ அனுப்பப் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

அத்தை கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கையாக இருந்தும் தன் தங்கக் கம்மலை அடகு வைத்து என் அப்பாவைப் படிக்க வைத்தவள். அந்த ஹோமில் நான் சோற்றுக்குக் கஷ்டப்படாமல் இருப்பேன் என்று நம்பித்தான் சொன்னாள். நல்ல மனசோடு செய்த தப்பு என்பதால்தான் யாராலும் அவளை எதிர்த்துப் பேச முடியவில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஸ்லோ என்றால்தானே அனுப்புவார்கள்? ஃபாஸ்ட் ஆகிவிட்டால்? மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தேன். கொதிக்கிற இட்லியை அப்படியே விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சட்டைப் பொத்தானை அவசரத்தில் மாற்றிப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனபோது கூடையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனேன். சந்தையில் எல்லாரும் கூவுவார்களே, அங்கே நான் ராணி. “தக்காளி எட்டணாவாம்மா, இங்க வாங்கு!” என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அதிசயமாகப் பார்த்தாள். பிறகு, பிள்ளைக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துச் சீக்கிரம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

பதில் சொல்வதிலும் ஃபாஸ்ட்டானேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது. யாராவது என்னைப் பார்த்து உதட்டை அசைத்துவிட்டு நிறுத்தினால், ஏதோ கேட்கிறார்கள் என்று தெரியும். உடனே “ஆமா” என்பேன். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டியா என்றாலும் ஆமா, தூக்கம் வருதா என்றாலும் ஆமா. ஒருநாள் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதடு அசைந்தது, நின்றது. “ஆமா!” என்றேன், பளிச்சென்று.

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. இல்லை என்று மாற்றிச் சொல்லவும் பயம், கேள்வி என்னவென்று தெரியாதே. அம்மா மறுபடி வாரத் தொடங்கினாள். அன்று பின்னல் மிகவும் தளர்வாக இருந்தது.

சாயங்காலம் ப்ளேன் போனபோது தெரிந்தது. அம்மா, என் அம்மாவா என்று நினைக்கும்படி, அப்பாவிடம் கத்திச் சொன்னாள்: “அவளே போறேன்னு சொல்லிட்டாளே! அத்தைகூட ஊருக்குப் போறியான்னு கேட்டேன், யோசிக்கக்கூட இல்லைங்க, ஆமான்னுட்டா!”

என் வாயாலேயே என்னை அனுப்பிக்கொண்டேன். எழுந்து போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு “போமாட்டேன்” என்று அழுதிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அன்று எனக்குத் தோன்றவில்லை. ரகசியத்தைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் இன்னும் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பிள்ளைகளின் பயத்துக்கு ஒரு கணக்கு உண்டு, பெரியவர்களுக்கு அது பிடிபடாது.

தகரப் பெட்டியில் என் கவுன்களை அடுக்கினார்கள். அத்தை ஊருக்குத் திரும்பும் நாள். எழும்பூரிலிருந்து வரும் வண்டியைத் தாம்பரத்தில் பிடிக்க வேண்டும். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்தோம். பிளாட்பாரத்தில் விளக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். அம்மாவும் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்தேன், இறக்கி வைத்த சாமான் போல. அப்பா எங்களுக்குப் பின்னால் நின்றார். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்களாம். சொன்னார்கள், மெதுவாக.

எதிர் பிளாட்பாரத்தில் மின்சார ரயில் ஒன்று தடதடவென்று நுழைந்தது. அப்பா அம்மாவின் பக்கம் குனிந்து கத்தினார். “பாப்பாவோட போர்வையை எடுத்து வெச்சியா?”

“கொடியிலேயே கிடக்குதுப்பா” என்றேன் நான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரயில் கிளம்பிப் போனது. எனக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் பெஞ்சில் இருந்த அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்தாள். பின்னாலிருந்து அப்பா என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்து ஒரு வண்டி நிற்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் அப்பாவின் குரல், என் பின்னந்தலைக்குப் பின்னாலிருந்து: “பாப்பா! உனக்கு என்ன வேணும்?”

“வீட்டுக்குப் போகணும்” என்றேன்.

வண்டி போய் அடங்கியது. அப்பா என் முன்னால் வந்து மண்டியிட்டார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். கண்கள் மட்டும் தெரிந்தன. அவர் பேசுகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் “ஆமா” என்றேன். அப்பாவின் கை கீழே இறங்கியது. என்னை அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது அத்தையின் வண்டி புகையும் இரைச்சலுமாக உள்ளே வந்தது. எல்லாரும் கத்த வேண்டியதாயிற்று. அதனால் எனக்கும் கிடைத்தது.

“இவளுக்குக் காது கேக்கலடி!” அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

“இப்பத்தானேங்க பதில் சொன்னா!”

“கத்தினாத்தான் கேக்குது! நாம இத்தனை நாளா கிசுகிசுன்னு பேசிட்டிருக்கோம்!”

அத்தை ஒரு காலைப் படியில் வைத்தவள் இறங்கிவிட்டாள். “நான் பைய பேசச் சொன்னது நிதானமாப் பேசச் சொல்லில்லா மைனி! சத்தத்தை ஏன் கொறைச்சிய?”

“நீங்களும் அப்படித்தானே பேசினீங்க!” என்றாள் அம்மா. அத்தையை எதிர்த்து அம்மா பேசி அன்றுதான் பார்த்தேன்.

அத்தை மறுபடி படியேறினாள். கார்டு விசில் ஊதிவிட்டார். அப்பா அவளுடைய பையை மட்டும் உள்ளே தூக்கிப் போட்டார். அத்தை ஜன்னலருகே உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வண்டி போகும்வரை அதை எடுக்கவில்லை.

பயம் அங்கேயே தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அவர்கள் அழுதார்கள், பேசிக்கொண்டார்கள், என்னை மாறி மாறித் தூக்கினார்கள். ஆனால் உன்னை அனுப்பவில்லை என்று என்னிடம் சொல்ல இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது. காது கேட்கவில்லை என்று அப்பா சொன்னதை நான் ஸ்லோவைவிடப் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அது கூடத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் குளிப்பாட்டி நல்ல கவுன் போட்டுவிட்டாள். கையில் ஒரு பை. அதில் ஃபிளாஸ்க்கும் எனக்கு மாற்றுத் துணியும் இருந்ததைப் பார்த்துவிட்டேன். மறுபடி தாம்பரம். வெள்ளைச் சுவர், நீளமான வராந்தா, வரிசையாகப் பெஞ்சுகள், அழுகிற பிள்ளைகள். இதுதான் ஹோம் என்று முடிவு செய்தேன். பாய் முடையும் இடம் எங்கே என்று தேடினேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கவட்டை மாதிரி இரண்டு கால் உள்ள ஓர் இரும்பைத் தட்டி என் நெற்றியில் வைத்தார். தலைக்குள் ஙொய் என்று கேட்டது. காதுக்குப் பக்கத்தில் பிடித்தார், ஒன்றுமில்லை. அம்மாவிடம் நீண்ட நேரம் பேசினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒப்புக்கொள்கிறாள், என்னை விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கிறாள் என்று நினைத்தேன். பையை அவள் கீழே வைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் வைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மார்க்கெட் தெரு. பூக்காரிகள், தள்ளுவண்டிகள், ஸ்டேஷனுக்கு ஓடுகிற ஆபீஸ்காரர்கள். அம்மா நான்கு எட்டு நடந்தவள், என்னால் நடக்க முடியவில்லை என்பதைக் கவனித்தாள். அவள் நடுத்தெருவில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று. வழக்கம்போல உதட்டை அசைத்தாள். உடனே நிறுத்தினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கோயிலில்கூட வாய்விட்டு ஜெபிக்காத என் அம்மா, கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, தாம்பரம் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“உன்னை எங்கயும் அனுப்பமாட்டேன்டி!”

பூக்காரி முழம் போடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

“கேட்டுச்சா? பாப்பா, கேட்டுச்சாடி?”

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினாள்.